படியில் நின்ற தொப்பிக்காரன்

என் மகள் காலேஜில் படம் பிடிக்கும் படிப்புப் படித்தாள். தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் அப்படி ஒரு படிப்பு இருந்தது எங்கள் சொந்தபந்தத்தில் யாருக்கும் தெரியாது. "புள்ளை என்ன படிக்குதுங்க?" என்று யாராவது கேட்டால் அவங்கப்பா, "கம்ப்யூட்டராட்ட ஒண்ணுங்க" என்று சொல்லிவிடுவார். நான் அஞ்சாவது வரைக்கும் போனவள். யார் என்ன கேட்டாலும் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

கடைசி வருசத்தில் அவளுக்கு கறுப்பு வெள்ளைப் பைத்தியம் பிடித்தது. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் எடுத்த திருட்டு, கொலைப் படங்களை காலேஜில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு 'நுவார்' என்று பேராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து வந்து வீட்டிலேயே ஒரு படம் போட்டாள். நான் சமையல் ரூம் நிலையில் நின்றபடியே பார்த்தேன். எல்லா ஆம்பளையும் தொப்பி போட்டிருந்தார்கள். படம் முழுக்க மழை விட்டபாடில்லை. பாதி மூஞ்சி இருட்டிலேயே இருந்தது.

"ஏன் கண்ணு, அவங்கூட்ல கரண்ட் இல்லியா?"

"ஒரே ஒரு லைட்டுதாம்மா வெப்பாங்க. அப்பத்தான் நெழல் பேசும்."

"அத்தனை பெரிய காரு வெச்சிருக்கறாங்க, ஒரு ட்யூப் லைட்டு வாங்கக் கூடாதா?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தில் யாரும் யாரையும் அடிக்கக்கூட இல்லை. ஆனால் ஆரம்பத்திலிருந்தே ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று தெரிந்துபோகிறது. அதுவும் போக, எங்கள் வீட்டில் கறுப்பு வெள்ளையில் இருந்த படங்கள் மாமனாருடையதும் மாமியாருடையதும்தான். ரெண்டுக்கும் மாலை போட்டிருந்தது. கலர் வந்தபிறகு உயிரோடு இருக்கிறவர்களை எதற்குக் கறுப்பு வெள்ளையில் பிடிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த ஆனி மாதத்தில்தான் தாராபுரத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பாங்கில் வேலை. அதற்கு முன்னால் வந்த இடத்தில் எல்லாம், கல்யாணம் ஆனால் கேமராவை ஓரமாக வைத்துவிட வேண்டும் என்றார்கள். இந்தப் பையன் மட்டும், "என்ன கேமரா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டு, அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாப் பண்ணுங்க, விட்டுறாதீங்க" என்றான். அவர்கள் போனபிறகு என் மகள் பாத்திரம் விளக்கும்போதே பாடிக்கொண்டிருந்தாள். நான் அதைக் கண்டும் காணாத மாதிரி இருந்தேன். இந்த இடம் தட்டிப்போகக் கூடாதே என்று அன்றைக்கு ஆரம்பித்த படபடப்பு எனக்கு.

மாப்பிள்ளையின் அம்மா உயரமான பொம்பளை. மனசில் வந்ததைக் கேட்காமல் விடமாட்டார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே சமையல் ரூம் வரைக்கும் வந்து, "தண்ணி வாரத்துக்கு எத்தனை நாளைக்குங்க வருது?" என்று விசாரித்தவர். என் மகளிடம், "காலேஜுல பசங்களும் கூடப் படிக்கறாங்களா கண்ணு? கூடவே சுத்தோணுமா?" என்று கேட்டார். "கிளாஸ்ல மட்டுந்தாங்கத்தை" என்றாள் இவள். அந்தம்மா அவள் மூஞ்சியை ஒரு நிமிசம் பார்த்துவிட்டுத்தான் காபியை வாயில் வைத்தார். போகும்போது, "ஆடி கழியட்டுங்க. ஆவணியில வெத்தலை பாக்கு மாத்திக்கலாம். போயிட்டு வாரமுங்க" என்றார்கள்.

ஆடியில் அவங்கப்பா அந்தியூர்ச் சந்தைக்கு மாடு பார்க்கப் போனார். வாங்குவதற்கு இல்லை. இரும்பு உருக்கும் பவுண்டரியில் வேலை செய்கிறவருக்கு மாடு எதற்கு? வருசா வருசம் போய் ஒவ்வொரு மாட்டுக்கும் பல் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்குத் திருப்தி. அவர் படி இறங்கியதுமே என் மகள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"அம்மா, எனக்கொரு ஆம்பளை வேணும்."

"என்னடி பேசறே?"

"படத்துக்கும்மா. தொப்பி போட்டுட்டு படியில நிக்கோணும். கடைசிப் பரீட்சைக்கு இதுதான். கூடப் படிக்கற பையன் ஒருத்தன் வாரேங்கறான். கூப்பிடட்டுமா?"

"கொன்னுபோடுவாங்க. ஊட்ல ஆம்பளை இல்லாதப்ப கதவச் சாத்திட்டு ஒரு பையனை வெச்சுப் படம் பிடிக்கறதா? தாராபுரத்துக்காரங்க காதுல விழுந்தா என்னாகும்?"

"அப்ப நீ நில்லு."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். எனக்குப் படம் என்றாலே ஆகாது. என் கல்யாணப் படத்தில்கூட வகிடு மட்டும்தான் தெரியும், அப்படிக் குனிந்திருப்பேன். மாட்டவே மாட்டேன் என்றேன். அவள் விடவில்லை. "மூஞ்சியே விழாதும்மா. தொப்பி நெழல்ல மறைஞ்சுரும். நீதான்னு கடவுளுக்கே தெரியாது" என்றாள். மூஞ்சி விழாது என்று சொன்னதில்தான் நான் விழுந்தேன்.

அவங்கப்பாவின் கல்யாணக் கோட்டு பீரோவில் அந்துருண்டை வாசத்தோடு கிடந்தது. பவுண்டரிக்குப் போட்டுப்போகும் பேண்ட் ஒன்றை எடுத்து, இடுப்பில் நிற்காமல் பாவாடை நாடாவால் இறுக்கினோம். ஊட்டிக்குப் போனபோது வாங்கின அகல விளிம்புத் தொப்பிக்குள் என் கொண்டையைத் திணித்தாள். பொட்டை அழித்தாள். தாலியைச் சட்டைக்குள் போட்டுப் பித்தான் மாட்டினாள். வளையலைக் கழற்றச் சொன்னபோது மட்டும் நான் முறைத்தேன். அதை முழங்கைக்குத் தள்ளிக் கோட்டுக்கைக்குள் மறைத்தோம். மூக்குத்தி மினுங்குமே என்று மைப்பென்சிலை எடுத்து அதன்மேல் தடவினாள். அத்தனை கவனம்.

மாடிப்படி எங்கள் வீட்டுக்கு உள்ளேயே இருந்தது. ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினாள். அந்த அமெரிக்கப் படத்தில் சுவரெல்லாம் கோடு கோடாக நிழல் விழுமே, அதற்கு என்ன செய்வது என்று முழித்துவிட்டு, சமையல் ரூமிலிருந்து தட்டு ஸ்டாண்டைக் கழற்றிக்கொண்டு வந்து பெரிய பல்புக்கு முன்னால் நிறுத்தினாள். நெசமாகவே சுவரில் கோடு விழுந்தது. வெள்ளைப் பேப்பரைச் சுருட்டி சிகரெட்டாக என் கையில் கொடுத்தாள். புகைக்கு என் முதுகுக்குப் பின்னால் ஒரு கொத்து ஊதுபத்தி.

"பயந்த மாதிரி நில்லும்மா. பின்னால யாரோ தொரத்தறாங்க."

"மாதிரி என்னடி? கைகால் எல்லாம் ஆடுது."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டக்கா கதவைத் தட்டினாள். "ஏனுங்க, பட்டப்பகல்ல கதவச் சாத்திட்டு என்ன பண்றீங்க? ஊதுபத்தி வாசம் தெருவரைக்கும் வருது!"

"அம்மா சாமி கும்பிடறாங்கக்கா" என்று என் மகள் உள்ளேயிருந்து கத்தினாள். நான் படியில் தொப்பியோடு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அந்தப் படம் அப்போது பிடித்ததுதான்.

கொஞ்ச நாள் கழித்து உள்ளங்கை அகலத்தில் ஒரு படம் கொண்டுவந்து காட்டினாள். படி, கோடு கோடாக நிழல், புகை, தொப்பி போட்ட ஒருத்தன். கீழே எல்லாம் ஒரே கறுப்பு. எனக்கே நான் தெரியவில்லை. அப்பாடா என்று இருந்தது.

அந்த நிம்மதி ஆவணி பிறக்கிறவரைக்கும்தான். காலேஜில் பிள்ளைகள் பிடித்த படங்களை எல்லாம் ஹாலில் மாட்டி ஊர்க்காரர்கள் பார்க்க வைக்கிறார்கள், அதில் இவளுடையது நடுவில், கதவளவு பெரிதாக இருக்கப்போகிறது என்றாள். அவங்கப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. என்ன படம் என்றுகூடக் கேட்காமல் பூத்துக்குப் போய்த் தாராபுரத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். "அந்தம்மா நேர்லயே வந்து பாக்கறாங்களாமா. பொண்ணு என்னதான் பண்றான்னு பாக்கோணுமாமா" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அன்றைக்கிருந்து சோறு இறங்கவில்லை. "தெரியாதும்மா, தெரியவே தெரியாது" என்று என் மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஹாலுக்குள் நுழைந்ததும் எதிரிலேயே இருந்தது. முதலில் தொப்பியைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன். பிறகு கீழே பார்த்தேன்.

அந்தத் தொப்பிக்காரன் காலில் செருப்பும் இல்லை, ஷூவும் இல்லை. வெறுங்காலோடு படியில் நிற்கிறான். ரெண்டு காலிலும் மெட்டி வெள்ளை வெளேரென்று மின்னுகிறது.

வீட்டுக்குள் செருப்புப் போட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. அந்தப் படிக்குப் பக்கத்திலேயே வேறு சாமி அலமாரி. தொப்பி, கோட்டு, சிகரெட், மூக்குத்திக்கு மை வரைக்கும் யோசித்த எங்கள் ரெண்டு பேருக்கும், கொலைகாரனுக்கு ஷூ வேண்டுமே என்று தோன்றவேயில்லை. வலது காலில் விரல் வேறு வளைந்திருந்தது. முன்னே ஒருதடவை குழவிக்கல் விழுந்து நசுங்கின விரல் அது, அதில் மெட்டி சாய்ந்துதான் கிடக்கும். படத்திலும் சாய்ந்துதான் கிடந்தது.

"பெருசு பண்ணும்போது கீழ வெளிச்சம் ஏறிருச்சும்மா" என்றாள் என் மகள், உதடு வெளுத்துப்போய். "வாத்தியாருக்கு அந்தக் கால்தான் ரொம்பப் புடிச்சிருக்குதாமா. எடுக்கவே மாட்டேனுட்டாரு."

பக்கத்தில் நின்ற பசங்களில் ஒருத்தன், "டேய், அமெரிக்காக்காரன் மெட்டி போட்டிருக்கான்டா" என்றான். "கல்யாணமான கொலைகாரன்டா" என்றான் இன்னொருத்தன். நான் என் சேலையைக் கீழே இழுத்துவிட்டுக் காலை உள்ளே மடக்கிக்கொண்டேன். பிள்ளையைப் பெற்றவள் புருசன் கோட்டைப் போட்டுக்கொண்டு சிகரெட்டும் கையுமாக நின்றாள் என்று தாராபுரத்தில் தெரிந்தால், எந்தச் சனம் அந்த வீட்டில் பெண் எடுக்கும்? இவள் பாத்திரம் விளக்கிக்கொண்டே பாடினது காதில் கேட்ட மாதிரி இருந்தது.

வாசலில் அவங்கப்பா அந்தம்மாவோடு வந்துகொண்டிருந்தார். அந்தம்மாவின் வீட்டுக்காரருக்கு முட்டிவலி, வெளியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கோயில் கோபுரம், மில்லுச் சங்கு, ஆட்டுக்குட்டி. "இதெல்லாம் நெம்ப நல்லாருக்குதுங்க" என்று அந்தம்மா சொல்லிக்கொண்டே வந்தார். அவங்கப்பா முன்னால் வந்து எங்கள் படத்துக்கு எதிரில் நின்றார். தொப்பியைப் பார்த்தார். கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கீழே பார்த்தார். என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் வேட்டியை நன்றாக விரித்துவிட்டுக்கொண்டு, படத்தின் கீழ்ப்பாதியை மறைத்த மாதிரி திரும்பி நின்றுகொண்டார்.

"இதுதானுங்க எம்புள்ளை பண்ணுனது" என்றார்.

"கொஞ்சம் தள்ளுங்க, முழுசாப் பாக்கறேன்."

"கீழ ஒண்ணுமில்லீங்க, வெறும் படிதான்."

அந்தம்மா தொப்பியை அண்ணாந்து பார்த்தார். புகையைப் பார்த்தார். சிகரெட்டைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாகப் போய்விட்டது.

"யாரு கண்ணு இந்த ஆளு?"

என் மகள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லக் கூடாது என்று கண்ணைக் காட்டினேனோ என்னவோ, "மாடலுங்கத்தை" என்றாள்.

"மாடல்னா? கூடப் படிக்கற பையனா?"

அவள் மறுபடி என்னைப் பார்த்தாள்.

"எங்க வெச்சு எடுத்தது?"

"எங்கூட்லதாங்கத்தை."

"எப்ப?"

"ஆடியிலங்க."

"அப்ப ஊட்ல யாரிருந்தா? நீங்க இருந்தீங்களா?" என்று அவங்கப்பாவைக் கேட்டார்.

அவருக்குப் பொய் வராது. "நான் அந்தியூர் போயிருந்தனுங்க" என்றார்.

அந்தம்மா அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. கேட்காமல் விடமாட்டாத பொம்பளை கேட்பதை நிறுத்தியது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இத்தனை நாளாக யாராவது என்னைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்றுதான் நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். கண்டுபிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று நினைக்கவேயில்லை. இருட்டு வீட்டுக்குள் என் மகள் ஒரு ஆம்பளையோடு இருந்தாள் என்று அந்தம்மாவின் மூஞ்சியில் எழுதியிருந்தது.

"சரிங்க. அவரு காத்துட்டிருப்பாரு. நாங்க போறமுங்க" என்றார்.

வாரமுங்க என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் எழவு வீட்டிலிருந்துதான் அப்படிப் போவார்கள். வேண்டாத வீட்டிலிருந்தும் போவார்கள்.

அவர் திரும்பி நடந்தார். நான், "ஏனுங்க" என்றேன். மறுபடி கூப்பிட்டேன். அவங்கப்பாவின் தோளைப் பிடித்துத் தள்ளினேன். நாலு பேர் பார்க்க நான் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அவர் நகரமாட்டேன் என்று நின்றார். "தள்ளுங்க" என்று இன்னும் பலமாகத் தள்ளினேன். நகர்ந்தார்.

"அந்த ஆளு நாந்தானுங்க" என்றேன்.

"என்னங்க சொல்றீங்க?"

செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையைக் கொஞ்சம் தூக்கி, வலது காலை முன்னால் நீட்டினேன். அந்தம்மா திரும்பி வந்தார். குனிந்து என் வளைந்த விரலைப் பார்த்தார். நிமிர்ந்து படத்திலிருந்த விரலைப் பார்த்தார். கிட்டப்போய் அந்த மெட்டியை விரலால் தொட்டார். ரொம்ப நேரம் ஆனதுபோல இருந்தது எனக்கு.

"இந்தச் சிகரெட்டு?"

"பேப்பருங்க."

"பொகை?"

"ஊதுபத்திங்க."

"இந்த வயசுல எதுக்குங்க இந்த வேசம்?"

"ஆம்பளையக் கூப்பிடக் கூடாதுன்னு நாந்தான் சொன்னனுங்க. அதுக்கு யாராச்சும் நிக்கோணுமில்லீங்க."

அவர் என் மூஞ்சியைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. சிரிப்புக்கா, திட்டுக்கா என்று தெரியவில்லை. வெளியிலிருந்து அவர் வீட்டுக்காரர் கூப்பிட்டார். ஏதோ சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். போறேன் என்றாரா, வாரேன் என்றாரா, என் காதில் விழவேயில்லை. மகளைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. அவங்கப்பாவைக் கேட்கப் பயமாக இருந்தது.

பஸ்ஸில் மூணு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். என் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ சொல்லியிருக்க வேண்டாம்மா" என்றாள். "சொல்லாம?" என்றேன். பஸ் காந்திபுரம் தாண்டியது. அவங்கப்பா முன் சீட்டைப் பார்த்தபடி, "ஷூவும் இருந்துச்சுல்ல, கட்டிலுக்கடியில. ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பனே" என்றார். அவ்வளவுதான் அவர் அதைப் பற்றிப் பேசினது.

அதற்கப்புறம் வந்த நாட்கள் எனக்கு ஆகாத நாட்கள். எங்கள் வீட்டில் போன் இல்லை. பக்கத்து வீட்டக்கா வீட்டுக்குத்தான் வரும். அங்கே மணி அடிக்கும்போதெல்லாம் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன். அவர்களுக்கு வந்ததாக இருக்கும். வாசலில் யாராவது "ஏனுங்க" என்றால் தரகர் என்று நினைப்பேன். என் மகள் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் விளக்கினாள். கேமராவைத் தொடவில்லை. ஆவணி ஓடிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்றாவது சொல்லித் தொலைக்கட்டுமே என்றுகூட எனக்குத் தோன்றியது, அடுத்த நிமிசமே வாயில் அடித்துக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போது அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "தாராபுரத்துல இருந்துங்க. உங்களைத்தான் கேக்கறாங்க. அவரை இல்லை, உங்களை" என்றாள்.

நான் அதுவரைக்கும் போனில் பேசினதில்லை. மாவுக் கையோடு ஓடினேன். அக்கா போனை என் காதில் வைத்தாள்.

"ஏனுங்க, நாந்தான்" என்றார் அந்தம்மா. பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி சத்தம். "எங்கூட்டுக்காரர்கிட்டப் பதமாச் சொல்றதுக்கு இத்தனை நாளாச்சுங்க. மொதல்ல ஒரு மாதிரியாத்தான் இருந்தாரு. பொம்பளை கோட்டுப் போடறதாங்கறாரு. அட, உள்ள இருந்தது வேற ஆம்பளையா இருந்திருந்தா உங்களுக்கு நல்லா இருந்திருக்குமான்னு கேட்டேன். அப்பறந்தான் சரின்னாரு. எம் பையன் என்னடான்னா அந்தப் படத்துல ஒண்ணு வேணுங்கறான். புதங்கிழமை வெத்தலை பாக்கோட வாரமுங்க. கேக்குதுங்களா?"

நான் தலையை ஆட்டினேன்.

"ஆனா ஒண்ணுங்க, இப்பவே சொல்லிப்போடறேன். கல்யாணத்தன்னைக்கு நீங்க சேலைதான் கட்டோணும்."

நான் அதற்கும் தலையை ஆட்டினேன். மாவு சொட்டுச் சொட்டாக அக்கா வீட்டுத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, இருக்கறீங்களா? லைன் போயிருச்சாட்ட இருக்குது. அல்லோ?"

"வாயத் தொறந்து சொல்லுங்க. நீங்க தலைய ஆட்டறது தாராபுரத்துக்குத் தெரியுமா?" என்று அக்கா என் விலாவில் இடித்தாள்.

"இருக்கறனுங்க" என்றேன். "சேலையே கட்டிக்கறனுங்க."